எல்பாரை நிறுத்தும் நாலு வழி: ஏழு வருட அனுபவம்

மணலியில் சரக்கு ஆபீஸ் ஒன்றின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் போன வாரம் கேட்டார்: "நீங்க வச்சிருக்கிற அதே ஐபிஎம் பவர் சர்வர் செகண்ட் ஹேண்டில் மலிவா வருது, வாங்கலாமா சார்?" தண்டையார்பேட்டையில் எங்கள் கன்டெய்னர் பில்லிங் முழுவதும் அதில்தான் ஓடுகிறது. ஆறு எல்பார் (ஒரே இயந்திரத்தைப் பிரித்து, தனித்தனி சர்வர் போல ஓடவைக்கும் பகுதிகள்), இரண்டு விஐஓஎஸ் (அவற்றுக்கு டிஸ்க்கைப் பகிர்ந்து தரும் தனி எல்பார்கள்).

மாதக் கடைசியில் துறைமுக பில்கள் குவியும்போது, டெஸ்ட் எல்பாரிலிருந்து அரை ப்ராசசரை உருவி டேட்டாபேஸுக்குக் கொடுப்பேன். யாரும் லாகவுட் ஆக வேண்டாம், எதுவும் நிற்காது. ஏழு வருடம் ஆகியும் அதைச் செய்யும்போது ஒரு சந்தோஷம். எல்பாரின் அளவுகளைக் குறித்துவைக்கும் ப்ரொஃபைலிலும் சேமிக்க மறந்தால், அதை நிறுத்தி மறுபடி ஆக்டிவேட் செய்யும்போது பழைய அளவே வரும்; அது பழகிவிட்டது.

பழகாதது ஷட்டவுன் மெனு. சர்வரை வெளியிலிருந்து நிர்வகிக்கும் கன்சோலான எச்எம்சியில் நாலு வழி காட்டும்: டிலேய்ட், இம்மீடியட், ஆப்பரேட்டிங் சிஸ்டம், ஆப்பரேட்டிங் சிஸ்டம் இம்மீடியட். டிலேய்ட் என்றால் பொறுமையாக நிறுத்தும் என்றுதானே தோன்றும்? அது எல்பாருக்குக் கொஞ்சம் அவகாசம் தரும், அதற்குள் நிற்காவிட்டால் கரண்டைப் பிடுங்கியது மாதிரி நிறுத்திவிடும். மிரட்டலான பெயருள்ள நாலாவதோ எல்பாருக்குள் கொடுக்கும் வெறும் 'ஷட்டவுன் -எஃப்' கமாண்ட். பயனர்களுக்கு அறிவித்துக் காத்திருக்காது, அவ்வளவுதான். ஃபைல்சிஸ்டத்தை ஒழுங்காக அன்மவுன்ட் செய்துவிட்டே, அதாவது டிஸ்க்கில் எழுத வேண்டியதை எழுதி மூடிவிட்டே நிற்கும். பெயர் வைத்தவர்கள் நடு இரவில் ஒருமுறையாவது அந்தத் திரைக்கு முன் நின்றிருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீர், அங்கிருந்த நெட்வொர்க் ஸ்விட்ச் போய்விட்டது. மாடியில் யுபிஎஸ் இன்னும் இருபது நிமிடம் தாங்கும். ஸ்விட்ச் போனதும் எல்பார்களுக்கும் எச்எம்சிக்கும் இடையில் ஆபீஸ் நெட்வொர்க் வழியாகப் போகும் ஆர்எம்சி என்ற தொடர்பு அறுந்தது. அது இல்லாவிட்டால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் வழிகள் இரண்டுமே கிடைக்காது. மிச்சமிருந்ததில் டிலேய்ட் என்ற பெயரை நம்பி டேட்டாபேஸுக்கு அதைக் கொடுத்தேன். அவகாசம் முடிந்து பாதியில் நின்றது. கரண்ட் திரும்பியபின் ரெகவரிக்கு மட்டும் நாலு மணி நேரம்.

எச்எம்சியிலிருந்து வெர்ச்சுவல் டெர்மினல் திறந்து, எல்பாருக்குள் லாகின் செய்து, நானே ஷட்டவுன் கொடுத்திருக்க வேண்டும். அது ஆபீஸ் நெட்வொர்க்கை நம்பி இல்லை, எல்பார்களைப் பிரித்து நடத்தும் ஹைப்பர்வைசர் வழியாகவே போகிறது. தெரிந்த விஷயம்தான், அந்த இருட்டில் நினைவுக்கு வரவில்லை.

இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. உப்புக்காற்று அடிக்கிற இந்தப் பகுதியில் ஏழு வருடத்தில் ஒரு ஃபேன், ஒரு டிஸ்க் மட்டுமே மாற்றினோம், அதுவும் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றேன். அவர் ஆபீஸில் ராத்திரி ஒரே ஆள். வாங்கியே தீருவேன் என்றால், நிறுத்தும் வரிசையைப் பெரிய எழுத்தில் எழுதி ரேக் கதவில் ஒட்டச் சொன்னேன்: அப்ளிகேஷன் எல்பார்கள் முதலில், அப்புறம் டேட்டாபேஸ், விஐஓஎஸ் கடைசி. விஐஓஎஸ் இரண்டும் முதலில் போனால், ஓடிக்கொண்டிருக்கும் மற்ற எல்பார்களுக்கு டிஸ்க்கே இருக்காது.