பொன்னாடையா, பட்டறை நேரமா? ஐடிஐ பயிற்றுநரை மதிக்கும் வழிகள்

வெல்டர் பிரிவில் புதிதாகச் சேரும் பையன் முதலில் திணறுவது ராடை, அதாவது உருகி இணைப்பாகும் வெல்டிங் கம்பியை, பிடிப்பதில்தான். ராடு எரிய எரியக் குட்டையாகும். கையை அதற்கேற்ப இறக்கிக்கொண்டே வர வேண்டும், தகட்டுக்கும் நுனிக்கும் நடுவே ராடின் தடிமன் அளவு இடைவெளி மாறவும் கூடாது. நான் வேலை பார்த்த ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) ஒரு பயிற்றுநர் இதற்காகவே ஒரு கருவி செய்தார். ராடைக் கவ்விப் பிடிக்கும் பழைய ஹோல்டரில் ஸ்பிரிங் ஒன்றைப் பொருத்தி, கம்பி மெல்ல மெல்ல உள்ளே இழுபடும்படி வைத்தார். மின்சாரம் வேண்டாம், ராடும் செலவாகாது. பயல்கள் மதிய இடைவேளையில்கூட அதை வைத்துப் பழகினார்கள்.

அந்த ஆண்டு ஆசிரியர் தினத்தில் பொன்னாடை வேறொருவருக்குப் போனது. அவருடைய பிரிவில் தேர்ச்சி விகிதம் அதிகம். அவரும் நல்ல உழைப்பாளிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் புதிதாக யோசிப்பவரைத் தேர்ச்சி விகிதத்தை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அகில இந்திய தொழிற்தேர்வு கொடுத்த ஜாபை, அதாவது செய்முறை வேலையை, பையன் சரியாக முடித்தானா என்று பார்க்கும். எந்த வழியில் கற்றுக்கொண்டான் என்று பார்க்காது. விகிதத்துக்குப் பரிசு என்றால், தடுமாறும் பையன்களை வைத்துப் புது முறையைச் சோதித்துப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? எனவே புதிதாக யோசிக்கும் பயிற்றுநரை மதிக்கும் வழிகளை வரிசைப்படுத்தச் சொன்னால், நிறுவன அளவிலான 'சிறந்த பயிற்றுநர்' விருதைக் கடைசி இடத்தில்தான் வைப்பேன்.

தேசிய விருதின் கதை வேறு. ஐடிஐக்கள் நடத்தும் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. தேசிய நல்லாசிரியர் விருது ஐடிஐ பக்கம் எட்டிப் பார்த்தது 2023இல். அந்த ஆண்டு விருது பெற்ற 75 பேரில் 50 பேர் பள்ளி ஆசிரியர்கள், 13 பேர் உயர்கல்வியைச் சேர்ந்தவர்கள், திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் தரப்பில் 12 பேர். அடுத்த ஆண்டு 82 பேரில் நம் தரப்பு 16 ஆனது. சான்றிதழ், 50,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், எல்லாம் குடியரசுத் தலைவர் கையால். மார்க் குறைந்தவன் போகும் இடம் என்று ஊரே சொல்லும் ஒரு படிப்புக்கு இந்த மரியாதை எவ்வளவு பெரியது என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். ஒரு வெல்டர் பயிற்றுநர் அந்த மேடையில் நிற்பதைத் அவரிடம் பயிலும் பையன்களின் பெற்றோர் டிவியில் பார்க்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஆனால் நாட்டில் ஏறத்தாழ 15,000 ஐடிஐக்கள் இருக்கின்றன. அவ்வளவு இடங்களில் ஆண்டுக்கு ஒரு சிலருக்குக் கிடைக்கும் ஒன்றை நம்பி எந்த ஐடிஐ முதல்வரும் தன் பட்டறையை நடத்த முடியாது.

முதல்வர் கையிலேயே இருப்பது நேரமும் பொருளும். என் கணக்கில் இதுதான் முதலிடம். வாரத்தில் அரை நாள் வகுப்பிலிருந்து விடுவிப்பு, கொஞ்சம் தகடு, கொஞ்சம் பேரிங், ஸ்டோரிலிருந்து தயங்காமல் எடுக்க ஒரு அனுமதிக் கடிதம். கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். பட்டறையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும், பழுதான லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றிலிருந்து ஒரு பல்சக்கரத்தைக் கழற்றக்கூட எத்தனை யோசனை என்று. அந்த லேத் இருப்புப் பதிவேட்டில் இருக்கும். கழிவுப் பொருள் என்று முறைப்படி அறிவிக்காமல் தொட்டால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் பயிற்றுநர். பல நல்ல யோசனைகள் அந்தப் பயத்திலேயே நின்றுவிடுகின்றன. 'இதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன்' என்று முதல்வர் சொன்னால், அது பயிற்றுநருக்குப் பொன்னாடையைவிடப் பெரிசு.

சம்பள உயர்வு? தனியார் ஐடிஐயில் நிர்வாகம் மனது வைத்தால் நடக்கும். அரசு ஐடிஐயில் முதல்வரால் முடியாத காரியம், அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டாமிடம், செய்ததை அடுத்த ஐடிஐக்கு அனுப்புவது, செய்தவரையே அனுப்பிச் சொல்லிக்கொடுக்க வைப்பது. தமிழ்நாட்டில் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களைத் தொழில் 4.0 (கணினியும் தானியங்கி இயந்திரங்களும் சார்ந்த உற்பத்தி) தரத்துக்கு உயர்த்தும் பணி வந்தபோது, ரோபோவும் புது மெஷின்களும் பட்டறைக்குள் வந்தன. இம்மாதிரி நேரத்தில் முதலில் கற்றுத் தேர்ந்தவரை மற்ற பயிற்றுநர்களுக்கு ஆசானாக்கினால், சக தொழிலாளிகள் மத்தியில் அவருக்குக் கிடைக்கும் பெயர் எந்தச் சான்றிதழிலும் வராது. இதற்குப் பெரிய செலவும் இல்லை, பயணப்படியும் மாற்று ஆளும்தான். முதலிடம் கொடுக்காததற்கு ஒரே காரணம்: நேரமும் பொருளும் இல்லாவிட்டால் அனுப்ப எதுவும் இருக்காது.

அப்புறம், அந்த ஸ்பிரிங்கைப் பழைய இரும்புக் குவியலில் தேடி எடுத்தவர் பட்டறை உதவியாளர். மேலே சொன்ன எந்த வழியிலும் அவர் பெயர் தானாக வராது. கருவியை ஒரு குழுவின் பெயரில் பதிவு செய்தால் வரும்.

பயிற்றுநர் மாறுதலில் போன சில மாதங்களில் அந்த ஹோல்டரும் போனது. பதிவேட்டில் இல்லாத பொருள் என்று ஸ்கிராப்போடு சேர்த்து எடை போட்டுவிட்டார்கள். கருவியின் பெயர், செய்தவர்கள் பெயர், தேதி என்று இருப்புப் பதிவேட்டில் அன்றைக்கே ஒரு வரி எழுதியிருந்தால் இன்றும் ஏதாவது ஒரு பையன் அதைப் பிடித்துக் கை பழகிக்கொண்டிருப்பான்.