சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் பணம்: கட்டணத்தைப் பார்ப்பதா, விகிதத்தைப் பார்ப்பதா?

மாதம் 1,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) காரைக்குடியில் உள்ள அம்மாவின் கணக்குக்கு அனுப்புகிறேன். வங்கி, சிராங்கூன் சாலையில் உள்ள பணம் அனுப்பும் கடை, கைப்பேசிச் செயலி ஆகிய மூன்று வழிகளிலும் அனுப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாகச் செயலியிலேயே நிலைத்திருக்கிறேன். உரிமம் இல்லாதவர்கள் வழியே பணம் அனுப்பும் உண்டியல் முறை சட்டவிரோதம் என்பதால் அதை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

வேகம், வசதி ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூன்றிலும் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தீர்மானிப்பது நாணய மாற்று விகிதம்தான். சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள விகிதமே உண்மையான அளவுகோல். அதிலிருந்து எவ்வளவு குறைத்துத் தருகிறார்களோ அதுவும் நாம் கொடுக்கும் கட்டணம்தான், ஆனால் அது ரசீதில் தனி வரியாக வருவதில்லை.

கணக்கு எளிதாக இருக்க, நடு விகிதம் 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 'கட்டணமே இல்லை' என்னும் வங்கி 64.10 தந்தால், வீட்டுக்குச் சேர்வது 64,100 ரூபாய். 5 வெள்ளி வாங்கிக்கொண்டு 64.60 தரும் கடையில் 64,277. 6 வெள்ளி எடுத்துக்கொண்டு நடு விகிதத்தையே தரும் செயலியில் 64,610. கட்டணம் அதிகமாகத் தெரியும் இடத்தில்தான் அம்மாவுக்கு அதிகம் சேர்கிறது. வங்கியோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 6,120 ரூபாய் மிச்சம். வைஸ் (Wise) போன்ற பணம் அனுப்பும் செயலி நிறுவனங்கள் நடு விகிதத்தை அப்படியே காட்டிக் கட்டணத்தைத் தனியாகச் சொல்வதுதான் நான் அந்தப் பக்கம் சாய்ந்ததற்கு முதற்காரணம்.

வங்கி வழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டு வங்கிகளுக்குப் பணம் அனுப்பப் பயன்படும் ஸ்விஃப்ட் முறையில் பணம் இடைநிலை வங்கிகளைக் கடந்து செல்லும்போது அவையும் தம் பங்கைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு முறை நான் எதிர்பார்த்ததைவிட ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் குறைவாகச் சேர்ந்ததாக அம்மா தொலைபேசியில் சொன்ன பிறகுதான், கட்டணத்தை இருதரப்பும் பகிரும் முறையைப் படிவத்தில் தேர்ந்தெடுத்திருந்ததைக் கவனித்தேன். வெள்ளியாகவே சென்று இந்திய வங்கியில் ரூபாயாக மாறினால் அந்த மாற்றத்துக்கு ஜிஎஸ்டியும் சேரும்: 1 லட்சம் ரூபாய் வரை, தொகையின் 1 சதவீதத்தை வரிக்குரிய மதிப்பாகக் கொண்டு அதன்மீது 18 சதவீதம், அதாவது 65,000 ரூபாய்க்கு 117 ரூபாய்.

கடையை ஒதுக்கிவிட முடியாது. ஞாயிறு மாலை வரிசையில் நிற்கும்போது பலகையில் எரியும் விகிதத்தைப் பக்கத்துக் கடையோடு ஒப்பிடலாம், தமிழிலேயே கேட்கலாம், கையில் ரொக்கமாக இருக்கும் சம்பளத்தை அங்கேயே கட்டலாம். செயலியைப் பயன்படுத்தத் தயங்கும் நண்பர்களுக்கு நான் கடையைத்தான் சொல்கிறேன்.

சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ ஆகிய உடனடிப் பணப்பரிமாற்ற முறைகளை இணைத்து 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய பேநவ்–யுபிஐ இணைப்பில் பணம் உடனே சேர்கிறது. பெறும் வங்கிகளில் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தொடக்கத்திலேயே இடம்பெற்றன. இரண்டு முறைதான் அதில் அனுப்பியிருக்கிறேன். வேகம் உண்மை, ஆனால் அங்கும் விகிதத்தைப் பார்த்தாக வேண்டும்.

பெரிய தொகைக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். மாடி கட்ட 20,000 வெள்ளி அனுப்பியபோது, கேட்டதும் வங்கி விகிதத்தை உயர்த்தித் தந்தது; செயலிக்கும் அதற்கும் இருந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. ஒரே ஒரு முறை நடந்தது என்பதால் அதைப் பொதுவிதியாகச் சொல்லமாட்டேன்.