ஸ்டீம் கனெக்ட் ஆகவில்லையா? எதை முதலில் செய்வது, எதைக் கடைசிவரை தள்ளிப்போடுவது

கம்ப்யூட்டர் கேம்களை வாங்கி இறக்கி ஆட உதவும் ஸ்டீம் என்ற தளத்தில்தான் அக்கா மகன் ஆடுவான். போன மாதம் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு அவன் போன் செய்தான். "மாமா, ஸ்டீம் கனெக்ட் ஆகவே மாட்டேங்குது. யூடியூப் எல்லாம் நல்லாத்தான் ஓடுது. அழிச்சிட்டுத் திரும்பப் போட்டுரட்டுமா?" இருடா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அழித்துவிட்டான். மூன்று வாரமாக ராத்திரி ராத்திரியாக அவன் இறக்கி வைத்திருந்த கேம்களும் கூடவே போய்விட்டன. புதிதாகப் போட்ட பிறகும் அதே பிழைதான் வந்தது.

இந்தப் பிழைக்கு நான்கு வைத்தியம் சொல்வார்கள்: கிளையண்டை (கம்ப்யூட்டரில் இருக்கும் ஸ்டீம் மென்பொருளை) அழித்துப் போடுவது, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை) மாற்றுவது, விபிஎன் (நம் இணைப்பை வேறொரு இடத்துச் சர்வர் வழியாக அனுப்பும் சேவை) போடுவது, வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறுவது. நான்கும் ஒரே நோய்க்கான மருந்து இல்லை. இணைப்பு எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தெரியாமல் எதைச் செய்தாலும் அவன் கதைதான் நடக்கும்.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். கம்ப்யூட்டரைப் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஸ்டீமைத் திறந்து பாருங்கள். திறந்தால் கம்ப்யூட்டரும் கிளையண்டும் நலம். கோளாறு வீட்டு லைனிலோ ரவுட்டரிலோ இருக்கிறது. திறக்காவிட்டால் கோளாறு கம்ப்யூட்டரில் இருக்கலாம், ஸ்டீமிலேயே இருக்கலாம். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் வாரந்தோறும் அமெரிக்க நேரப்படி செவ்வாய்க்கிழமை பராமரிப்பு வேலை பார்க்கும். நமக்கு அது புதன் அதிகாலை. அந்த நேரத்தில் அறுந்தால் எதையும் தொடாமல் படுத்துத் தூங்குங்கள். ஹாட்ஸ்பாட்டில் ஸ்டீம் திறந்ததும் தானாக ஓடும் டவுன்லோடுகளை நிறுத்திவிடுங்கள். ஒரே ஒரு கேம் அப்டேட் போதும், அன்றைய டேட்டா முழுக்கக் காலியாகிவிடும்.

அடுத்து, திரையில் வரும் எண்ணைப் பாருங்கள். ஸ்டீமின் கடைப் பக்கங்களைக் காட்டுவது உள்ளே இருக்கும் குரோமியம் பிரவுசர். அதனால் அங்கே வரும் பிழை எண்களும் குரோமியத்தின் எண்களே. -105 என்றால் முகவரியின் பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை. -118 என்றால் போய்த் தட்டியும் பதில் வராமல் நேரம் கடந்துவிட்டது. -130 என்றால் நடுவில் ஏதோ பிராக்ஸி (இணைப்பை இடையில் வாங்கி அனுப்பும் சர்வர்) அமைப்பு சிக்கியிருக்கிறது. -201 என்றால் பாதுகாப்புச் சான்றிதழின் தேதி ஒத்துப்போகவில்லை. இந்தக் கடைசி எண் வந்தால் முதலில் டாஸ்க்பாரின் ஓரத்தில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய மதர்போர்டில் சிஆர்2032 என்ற காசு அளவு பேட்டரி தீர்ந்திருந்தால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை எழும்போதும் பல வருடம் பின்னால் போய் நிற்கும். ஸ்டீமை நூறு முறை அழித்துப் போட்டாலும் இது தீராது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் வேலை முடிந்தது.

இப்போது டிஎன்எஸ்ஸா விபிஎன்னா என்ற கேள்விக்கு வருவோம். இவை இரண்டையும்தான் அதிகம் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். டிஎன்எஸ் என்பது பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் டைரக்டரி. 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றினால் டைரக்டரி மட்டும்தான் மாறும், பாதை மாறாது. பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம்) அதிகமாகாது, காசு செலவில்லை, பிடிக்காவிட்டால் பழையபடி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது -105 போன்ற பெயர்க் கோளாறைத்தான் தீர்க்கும். -118 வரும்போது டிஎன்எஸ்ஸை மாற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் வீண் வேலை.

விபிஎன் பாதையையே மாற்றுகிறது. நெட் கம்பெனியிலிருந்து ஸ்டீமுக்குப் போகும் வழி எங்கோ உடைந்திருந்தால் விபிஎன் சுற்றுவழியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். யூடியூப் ஓடுகிறதே, நெட் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கூகுள் தன் வீடியோக்களைச் சேமித்துத் தரும் சர்வர்களைப் பல நெட் கம்பெனிகளின் வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. வெளியே போகும் வழி அடைபட்டிருந்தாலும் யூடியூப் ஓடும்.

ஆனாலும் விபிஎன்னை நிரந்தரமாகப் போட்டு வைப்பதை நான் ஏற்கமாட்டேன். கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடுபவர்களுக்குச் சென்னையிலும் மும்பையிலும் வால்வின் சர்வர்கள் உண்டு. திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூர் விபிஎன் வழியாகச் சென்னை சர்வருக்கு ஆடினால், ஒவ்வொரு அசைவும் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். எதிரி முதலில் சுட்டுவிடுவான். இன்னொன்று, இருப்பிடத்தை மறைத்து வேறு நாட்டு விலையில் வாங்குவதை ஸ்டீமின் ஒப்பந்தம் தடை செய்கிறது. விபிஎன்னை மறந்து ஓடவிட்டுக் கடைப் பக்கம் போனால் தேவையில்லாத சிக்கல். சோதனைக்குப் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள், அப்புறம் அணைத்துவிடுங்கள்.

லேன் கேபிள் வேறு வகை நோய்க்கானது: உள்ளே நுழைய முடிகிறது, ஆட்டத்தின் நடுவில் அறுந்து அறுந்து போகிறது என்றால் அதுதான் மருந்து. விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டில் ரவுட்டரின் முகவரிக்கு, பல வீடுகளில் அது 192.168.1.1, தொடர்ந்து பிங் ஓடவிடுங்கள். 1, 1, 2, 1 என்று மில்லி செகண்டில் வந்துகொண்டிருந்தது திடீரென்று 180 ஆகி, பிறகு பதிலே வராமல் போனால், அடுத்த அறையில் இருக்கும் ரவுட்டரையே உங்கள் கம்ப்யூட்டர் தொட முடியவில்லை என்று அர்த்தம். நெட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. கேபிள் போட வழியில்லையென்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள்.

ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான வாசல்) திறக்கச் சொல்பவர்களும் உண்டு. ஸ்டீமில் நுழைவதற்கு அது தேவையே இல்லை. ரவுட்டரின் வெளி முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன என்று பொருள். போர்ட் திறந்தாலும் பலன் இருக்காது.

கடைசியாக, அழித்துப் போடுவது. ஹாட்ஸ்பாட்டிலும் வராமல், அதே வீட்டின் இன்னொரு கம்ப்யூட்டரில் மட்டும் வந்தால்தான் இதற்கு நியாயம் உண்டு. அப்போதும் முதலில் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய்க் கேஷை (தற்காலிகமாகச் சேமித்த தகவல்களை) அழித்துப் பாருங்கள். மறுபடி லாகின் செய்யச் சொல்லும், பாஸ்வேர்டும் போனும் கையில் இருக்கட்டும். அதற்கும் மசியாவிட்டால் ஸ்டீமை முழுதாக மூடி, அதன் ஃபோல்டரில் ஸ்டீம்ஆப்ஸ், யூசர்டேட்டா இரண்டையும், ஸ்டீமைத் திறக்கும் கோப்பையும் விட்டுவிட்டு மற்றதை மட்டும் அழியுங்கள். திறந்ததும் வேண்டியதை அதுவே இறக்கிக்கொள்ளும். கேம்கள் பத்திரமாக இருக்கும். விண்டோஸ் 7, 8 வைத்திருப்பவர்கள் இதிலெல்லாம் இறங்க வேண்டாம். 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் அவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது.

அக்கா மகனுக்கு அன்றிரவு வந்த எண் -118. ஹாட்ஸ்பாட்டில் உடனே திறந்தது. வீட்டு லைனில் விபிஎன் போட்டாலும் திறந்தது. நேராகப் போனால் மட்டும் இல்லை. மறுநாள் நெட் கம்பெனிக்கு அவனையே பேச வைத்தேன். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். ஹாட்ஸ்பாட்டில் திறக்கிறது, விபிஎன்னில் திறக்கிறது, நேராகப் போனால் மட்டும் இல்லை என்று அவன் வரிசையாகச் சொன்ன பிறகு மேலே இருப்பவரிடம் கொடுத்தார்கள். அடுத்த நாள் சாயங்காலம் வழி சரியானது. கேம்களைத்தான் இன்னும் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்கிறான்.