குதிரையா, உருளையா, உப்பு மூட்டையா?

நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரையோரம் மட்டக்குதிரைகளைக் காணும்போதெல்லாம் என் அக்கா ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்: "இதில் ஏற்றினால் பிள்ளைக்கு நல்லதாமே, உண்மையா தம்பி?" அவளுடைய மகனுக்கு ஏழு வயது. பெருமூளை வாதம், மூளைப் பாதிப்பால் தசைகளின் கட்டுப்பாடு கெடும் நிலை. கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். சாய்மானம் இல்லாமல் உட்கார வைத்தால் ஐந்து நிமிடத்தில் இடப்பக்கம் சரிந்துவிடுவான். யாரோ அனுப்பிய வீடியோவில் அவனைப் போன்ற ஒரு பிள்ளை குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்த நாள் முதல் அவளுக்கு அதே நினைப்பு.

நினைப்பில் தவறில்லை. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஒருசேர அசைகிறது. மேலே இருக்கும் பிள்ளையின் இடுப்புக்குக் கிடைக்கும் அந்த அசைவு, நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதற்கு மிக நெருக்கமானது. குதிரை நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 காலடி வைக்கிறது என்று கொண்டால், அரை மணி நேரத்தில் 3,000 முறை உடல் லேசாகச் சரிந்து தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. எந்த இயன்மருத்துவரின் (பிசியோதெரபிஸ்ட்) கைக்கும் அது முடியாது. போதாததற்குக் குதிரையின் உடல்சூடு சுமார் 38 பாகை, நம்முடையதைவிடச் சற்றுக் கூடுதல். அந்தச் சூடான அகன்ற முதுகின் இரு பக்கமும் தொடைகள் விரிந்து கிடக்கும்போது இறுக்கம் தளர்கிறது. எங்கள் பக்கத்துப் பனிக்காலையில் அவன் கால்களை விரித்துக் காற்சட்டை போட்டுவிடப் படும் பாட்டை அறிந்தவனுக்கு, இது ஒன்றே ஆசை காட்டப் போதும்.

1960களில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளில் முறையான சிகிச்சையாக உருவானது இது. அங்கே இயன்மருத்துவர் பக்கத்திலேயே நடப்பார். ஒருவர் குதிரையை நடத்துவார், இன்னும் இருவர் இரு பக்கமும் பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பார்கள். பெரும்பாலும் சேணம் இல்லை, மெத்தென்ற விரிப்புதான். நேராக நடப்பது, வளைந்து நடப்பது, நின்று புறப்படுவது எல்லாம் அந்தப் பிள்ளைக்கு எந்த அசைவு வேண்டும் என்று பார்த்துத் தீர்மானிக்கப்படும். வாரம் ஒன்றிரண்டு முறை, பல வாரங்கள்.

வாவிக்கரைச் சவாரிக்கும் இதற்கும் பொதுவானது குதிரை மட்டும்தான். அதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். போன ஏப்ரல் வசந்த காலக் கூட்டத்தில் அக்காவின் பிடிவாதத்துக்கு இணங்கி அவனை ஒரு மட்டக்குதிரையில் ஏற்றினேன். தோல் சேணம் கல்லாக இருந்தது. கால்களை விரிப்பதற்கே இரண்டு பேர் வேண்டியிருந்தது. குதிரைக்காரர் அடுத்த சவாரிக்காக விரைவுபடுத்த, முதல் குலுங்கலிலேயே பையனின் முதுகு வில்லாக வளைந்து விறைத்துவிட்டது. இருபது அடிகூடப் போகவில்லை, இறக்கிவிட்டேன். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் விற்பது சவாரி.

அதற்குப் பிறகுதான் ஒரு இயன்மருத்துவரிடம் விவரம் கேட்டோம். "இடுப்பு எக்ஸ்-ரே பார்த்தீர்களா?" என்பதே அவருடைய முதல் கேள்வி. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கு, அதிலும் நடக்க முடியாதவர்களுக்கு, இடுப்பு மூட்டு மெல்ல மெல்லக் குழியைவிட்டு நகரக்கூடும். அப்படி நகர்ந்திருந்தாலோ, வலிப்பு கட்டுக்குள் இல்லாவிட்டாலோ, முதுகெலும்பு மிகவும் வளைந்திருந்தாலோ குதிரை ஆபத்து. எக்ஸ்-ரே எடுக்காமலே ஏற்றிவிட்டேனே என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி உருளை. பழைய மெத்தையை இறுகச் சுருட்டி, சாக்குத் துணி சுற்றிக் கட்டியது. பிள்ளை அதன்மேல் இரு பக்கமும் கால் போட்டு உட்காரும்போது பாதங்கள் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், அதுதான் அளவு. குதிரைக்கு ஈடாகுமா? ஆகாது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் 15 பிள்ளைகளைப் பிரித்துச் சிலரை 8 நிமிடம் நடக்கும் குதிரையிலும், மற்றவர்களை அதே 8 நிமிடம் அசையாத பீப்பாய்மேலும் உட்கார வைத்தார்கள். இரு பக்கத் தசைகளும் சமமாக வேலை செய்யும் தன்மை குதிரையில் இருந்தவர்களிடம்தான் கூடியது. ஆக, பலன் அசைவில் இருக்கிறது, கால் விரித்து உட்காருவதில் மட்டும் இல்லை. ஆனால் 15 பிள்ளைகள், 8 நிமிடம் என்பதையும் மறக்கக் கூடாது. அடுத்த மாதம் அந்தப் பிள்ளைகள் எப்படி உட்கார்ந்தார்கள் என்பதற்கு அந்த 8 நிமிடத்தில் பதில் இல்லை.

உருளையின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அது வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பிலேயே கிடக்கிறது. சிகிச்சைக்குக் கண்டிக்கு ஒரு தடவை போய்வந்தால் அக்காவுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய தோட்டக் கூலி, போய்விடும். விடியற்காலை பஸ், தோளில் பிள்ளை, மாலையில் எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு ஏறும்போது மழை. அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தான், போய்வருவது இலவசமில்லை. உருளைமேல் அவனை உட்கார வைத்து, எதிரே ரொட்டித் தட்டை வைத்துக் கை நீட்டச் சொன்னால், சரிவதும் நிமிர்வதும் காலைச் சாப்பாட்டோடு நடந்துவிடுகிறது. செய்ய வேண்டிய வேலையையே இலக்காக வைத்து வீட்டில் தினமும் பழக்கும் முறைக்கு ஆய்வுகளில் நல்ல ஆதாரம் இருக்கிறது. குதிரைமேல் நன்றாக உட்காரும் பிள்ளை, அதனாலேயே கக்கூசில் தனியாக உட்காரும் என்று சொல்ல முடியாது. அதை அங்கேதான் பழக வேண்டும்.

உப்பு மூட்டையைச் சிகிச்சை என்று சொன்னால் சிரிப்பார்கள். இருந்தாலும் கால்கள் ஒட்டிக்கொள்ளாதபடி இடுப்பிலோ முதுகிலோ விரித்துத் தூக்குங்கள் என்று இயன்மருத்துவரே சொன்னார். தலை நிற்கும் பிள்ளைக்கு மட்டும். எங்கள் லயத்துப் படிகளில் அவனை முதுகில் ஏற்றி இறங்கும்போது, இடப்பக்கம் சரிய வந்து, என் தோளைப் பற்றித் திரும்ப நிமிர்வது எனக்கே தெரிகிறது. என் முதுகுவலி வேறு கணக்கு.

என் முடிவு இது. கையில் பணம் இருந்தால் முதலில் அவன் உடலுக்கு அளவெடுத்த நாற்காலி, பிறகு மருத்துவமனை நாட்களுக்கான பஸ் காசு. பயிற்சி பெற்ற இயன்மருத்துவரும் பழக்கிய குதிரையும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்து, எக்ஸ்-ரேயும் சரியாக இருந்தால், குதிரையை மேலதிகமாகச் சேர்ப்பேன், எதற்கும் பதிலாக அல்ல. வாவிக்கரைச் சவாரியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன்.

அக்கா அரை மனதாகத்தான் ஒத்துக்கொண்டிருக்கிறாள். போன ஞாயிறு தச்சர் அளவெடுக்க வந்தபோது, பையன் நாற்காலியில் குதிரைத் தலை வேண்டும் என்றான். அதற்குத் தனிக் கூலி கேட்கிறார்.