கீழக்கரையில் ஒரு பத்தாயிரம் லக்ஸ் விளக்கு

பகல் வெளிச்சம் போதாதவர்கள் முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொள்ளும் மிகப் பிரகாசமான விளக்கு இது. என் காக்காவுடையது, அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு ஸ்காட்லாந்தில் அபர்டீனில் வேலை. டிசம்பர் கடைசியில் அங்கே பகல் ஏழு மணி நேரம்கூட இருக்காது. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. காலைச் சாப்பாட்டு மேசையில் இப்படியொரு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருவது அந்தப் பக்கம் சாதாரணம். போன லீவில் வந்தபோது, புதிது வாங்கிவிட்டதாகச் சொல்லி இதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எதிர்வீட்டு லாத்தா (அக்கா) பார்த்துவிட்டு, "கீழக்கரையில இருந்துக்கிட்டு வெளிச்சத்துக்கு மெஷின் வச்சிருக்கியளே" என்று சிரித்தார்.

அவர் சிரித்ததில் தப்பில்லை. எங்கள் ஊரில் வருடத்திலேயே சின்னப் பகல்கூட பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல். இங்கே இந்த விளக்கு யாருக்கு உதவும், யாருக்கு வெறும் தண்டச் செலவு என்று ஒரு குளிர்காலம் முழுக்க வைத்துப் பார்த்ததை எழுதுகிறேன். கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை. குறை நிறையச் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் என் நேரக் கணக்கு. எனக்கு மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்பைப் படித்து ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைப் போடவேண்டும். வேலை வீட்டிலிருந்துதான், நேரம் மட்டும் அவர்களுடையது. கோடையில் சாயங்காலம் 5:30க்கு உட்கார்ந்தால் ராத்திரி 2:30க்கு எழுந்துவிடலாம். நவம்பர் முதல் ஞாயிறு அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அன்றிலிருந்து மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை எனக்கு 6:30 முதல் 3:30. ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் ஜூன் மாதம் லாகின் செய்யும்போது ஜன்னலில் இன்னும் ஒரு மணி நேர வெளிச்சம் மிச்சம் இருக்கும். டிசம்பரில் மஃரிபு (அந்தித் தொழுகை) பாங்கு சொல்லி முடித்து, தெருவிளக்கு எரிந்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. அப்புறம் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுப் படுத்தால் எழும்போது பகல் பன்னிரண்டு. அதுவும் வாடைக் காலத்து மேகம் மூடிய பன்னிரண்டு. எங்கள் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பதால், மழை நாளில் நடு மதியமும் உள்ளறையில் லைட் போட்டால்தான் ஆள் தெரியும்.

சோர்வு என்று நான் சொல்வது தூக்கக் கலக்கத்தை மட்டும் இல்லை. தூங்கி எழுந்தும் கை கால் கனமாக இருக்கும். படித்த வரியையே மூன்றாம் தடவை படிப்பேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ராத்திரி பதினொரு மணி வாக்கில் கை தானாகவே தொதல் இனிப்பு டப்பாவுக்குப் போகும்.

எங்கள் வேலையில் சோர்வுக்கு ஓர் எண் உண்டு, ஆர்53.83. அதைப் போடுவதற்கு ஒரு விதியும் உண்டு. சோர்வுக்குக் காரணமான நோய் இன்னதென்று டாக்டர் குறிப்பில் எழுதியிருந்தால், நோயின் எண்ணைத்தான் போடவேண்டும், அறிகுறியின் எண்ணைப் போடக்கூடாது. ஆர் எண் என்பது காரணம் இன்னும் கிடைக்காதவர்களுக்கு. ராத்திரி முழுக்க அடுத்தவர்களுக்கு இதைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறவள் என் விஷயத்தில் மட்டும் 'பனிக்காலம், அதான்' என்று விடலாமா? விளக்கை ஆன் செய்வதற்கு முன்னால் ராமநாதபுரம் போய் ரத்தம் கொடுத்தேன்.

தைராய்டு சரியாக இருந்தது, சர்க்கரையும் சரி. ஹீமோகுளோபின் 9.6. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். வைட்டமின் டியும் குறைவு, 12. டாக்டரம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. ஆக ஆர்53.83 போய், டி50.9 (இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை), இ55.9 (வைட்டமின் டி குறைவு) என்று எனக்கு இரண்டு எண்கள் வந்து சேர்ந்தன.

டாக்டரம்மா தினம் ஓர் இரும்புச்சத்து மாத்திரையும், வாரம் ஒரு முறை 60,000 யூனிட் வைட்டமின் டியும் எழுதிக்கொடுத்தார். இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னார். டீயோடு சேர்த்துப் போட்டால் மாத்திரை பாதி வீண் என்றும் சொன்னார். டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. பிளாஸ்க் நிறைய டீயோடு வேலைக்கு உட்காருகிற எனக்கு இதுதான் பெரிய தண்டனை. இப்போது மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போட்டுக்கொண்டு, டீயை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி வைத்திருக்கிறேன். வைட்டமின் டியை மட்டும் நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும், அது வேறு தலைவலி.

சரி, விளக்குக்கு வருவோம்.

ஏறக்குறைய ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து நிறுத்திய அளவு. முன்பக்கம் முழுக்கப் பால் நிறப் பிளாஸ்டிக், பின்பக்கம் மடக்குக் கால், மேலே ஒரே பொத்தான், வெளிச்சத்தில் மூன்று நிலை. முதல் தடவை போட்டபோது உம்மா ஓடிவந்து, "என்னா புள்ள, கல்யாணப் பந்தல் ஃபோக்கஸ் லைட்டாட்டம் இருக்கு" என்றார். அந்த வெளிச்சம் உண்மைதான்.

அட்டைப்பெட்டியில் '10,000 லக்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். லக்ஸ் என்பது ஓர் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதற்கான அளவு. எத்தனை தூரத்தில் 10,000 என்பது உள்ளே இருக்கும் தாளில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில் இருக்கிறது: 25 சென்டிமீட்டர். கைப்பேசியில் லக்ஸ் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு அளந்தேன். அது துல்லியமான கருவி இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். 25 சென்டிமீட்டரில் ஒன்பதாயிரத்தை ஒட்டிக் காட்டியது. என் மானிட்டர் இருக்கும் தூரத்துக்கு, அதாவது இரண்டடி தள்ளி வைத்ததும் இரண்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது. அவ்வளவு கிட்டத்தில் வைத்தால் கீபோர்டு எங்கே வைப்பது, இரண்டு மானிட்டரை எங்கே வைப்பது? பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளி, கண்ணுக்குக் கொஞ்சம் மேலே, சாய்த்து வைத்து ஒரு மாதிரி சமாளித்திருக்கிறேன். நேராக விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கண் திறந்திருந்து, வெளிச்சம் ஓரமாக விழுந்தால் போதும். விழித்திரையில் உருவம் பார்ப்பதற்கு இல்லாமல், இது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. இந்த விளக்கின் வேலை அந்தச் செல்களிடம்தான். தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பதை அவை தள்ளிப்போடும்.

குளிர் நாடுகளில் இந்த வெளிச்ச வைத்தியம் புதிதில்லை. குளிர்காலம் தோறும் வந்து வசந்தத்தில் தானாக விலகும் மனச்சோர்வைப் பற்றி அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் ரோசந்தாலும் உடன் வேலை செய்தவர்களும் 1984-இல் எழுதினார்கள். வழக்கமான முறை, காலை எழுந்ததும் 10,000 லக்ஸில் அரை மணி நேரம். காக்கா அப்படித்தான் செய்கிறார். இரவு வேலைக்காரர்களுக்குக் கணக்கு வேறு. ஷிப்டின் முதல் பாதியில் பிரகாசம் வேண்டும், பின்பாதியில் குறைக்கவேண்டும். விடியற்காலையில் இதைப் போட்டால் படுக்கப் போகிற நேரத்தில் தூக்கம் ஓடிவிடும். டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு நான் 6:30க்கு லாகின் செய்யும்போது போடுவேன், அரை மணி நேரம் கழித்து அணைப்பேன். இரவுத் தொழுகையான இஷா தொழுது, சாப்பிட்டு வந்த பிறகு இன்னொரு முறை, கொஞ்ச நேரம். நள்ளிரவுக்கு மேல் தொடுவதில்லை.

பலன்? ஷிப்டின் ஆரம்பத்தில் இருந்த அந்த மந்தம் நன்றாகவே குறைந்தது. ஏழு, எட்டு மணிக்குக் கொட்டாவி விடுவது நின்றது. ஆடிட்டில் என் பிழைகள் குறைந்ததாக டீம் லீடர் சொன்னார். மூச்சு வாங்குவது, கை கால் கனம், இதெல்லாம் விளக்கால் போகவில்லை. அது மாத்திரை பிடித்து, வாரக்கணக்கில் மெள்ளத்தான் போனது. எதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. விளக்கு மட்டும் இருந்து மாத்திரை இல்லாதிருந்தால், ரத்தசோகையோடு கண்ணைத் திறந்து உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். இந்த விளக்கிலிருந்து வைட்டமின் டி கிடைக்காது. தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிரை, கண் கெடாமல் இருக்க, இதில் வடிகட்டிவிடுகிறார்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயிலிலும் கிடைக்காது, கண்ணாடி அதைத் தடுத்துவிடும். நேர் வெயில்தான் வேண்டும், அதுவும் நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில். நான் எழுகிற பன்னிரண்டு மணி இதற்குச் சரியான நேரம். மேகம் விலகிய நாளில் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் முகமும் முழங்கையும் காட்டிவிட்டு வருகிறேன். சாப்பாட்டில் என்றால் சாளை, சூடை மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள மீன். வாடைக் காலத்தில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளித்துக் கிடந்தாலும் எங்கள் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கொஞ்சம் அடங்கியிருக்கும், மீன் வரத்து அடியோடு நின்றுவிடாது.

மொட்டைமாடி என்றதும் நினைவு வருகிறது. அங்கேயும் லக்ஸ் அளந்தேன். மேகம் மூடிய ஒரு நாள், மாலை நாலு மணி, சூரியன் எங்கே என்றே தெரியவில்லை. பதினாலாயிரம் காட்டியது! வீட்டுக்குள் என் மேசையில் டியூப்லைட் வெளிச்சம் 180. பகலில் விழித்திருப்பவர்கள் இந்த விளக்குக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், எந்தக் கரையாக இருந்தாலும் காலையில் அரை மணி நேரம் வெளியே நடந்தால் விளக்கைவிடக் கூடுதல் வெளிச்சம் இலவசம். லாத்தா சிரித்தது அந்த அளவில் சரி. எனக்குத்தான் மஃரிபுக்குப் பிறகு மாடியில் ஒன்றும் இல்லை.

இனி குறைகள். பிரிட்டன் பிளக் நம் சுவரில் ஏறாது, கன்வர்ட்டர் போட்டால் தொளதொளவென்று ஆடுகிறது. மடக்குக் காலின் திருகாணிகள் எங்கள் உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிட்டன, இப்போது தேங்காய் எண்ணெய் தொட்டு ஓட்டுகிறேன். மானிட்டரில் அதன் பிம்பம் விழுந்து எழுத்தை மறைக்கிறது. பேட்டரி கிடையாது, கரண்ட் போனால் விளக்கும் போச்சு. மழையும் காற்றும் வலுத்து, எங்கும் இருண்டு கிடக்கிற நாளில்தான் எங்களுக்குக் கரண்ட் போகும். இன்வெர்ட்டர் இருந்தால் கவலையில்லை, அதிகம் இழுக்காது. இந்த வகை விளக்குகளை இங்கே ஆன்லைனிலும் விற்கிறார்கள். விலையைப் பார்க்கும் முன் தூரத்தைப் பாருங்கள். தூரமே எழுதாமல் '10,000 லக்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் தொடவேண்டாம். புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும்.

விழித்திரையில் கோளாறு உள்ளவர்களும், மனநிலை மாறி மாறி ஏறி இறங்கும் பைபோலார் உள்ளவர்களும், வெளிச்சம் பட்டால் ஒவ்வாத மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. முதல் சில நாள் எனக்கு லேசாகத் தலை வலித்தது. நடு நிலையில் வைத்ததும் சரியாகிவிட்டது.

மதிப்பெண் கேட்டால், இரவு ஷிப்டுக்காரர்களுக்கு ஐந்துக்கு மூன்றரை. மற்றவர்களுக்கு ஒன்று, அந்த ஒன்றும் உம்மாவுக்காக. மழை நாளில் விளக்கை அடுப்படிக்குத் தூக்கிப் போய், அந்த வெளிச்சத்தில் சூடை மீன் ஆய்கிறார். செதில் ஒன்றுகூடத் தப்புவதில்லை என்கிறார். 6:30க்கு நான் தேடினால் மேசையில் விளக்கு இருக்காது, பால் நிறப் பிளாஸ்டிக்கில் மீன் செதில் ஒட்டியிருக்கும்.