லைட்னிங் பிக்கப்புக்கான கூலிங் கிட்: முதல் காசு பம்ப்புக்கு, கடைசிக் காசு ரேடியேட்டருக்கு

ஃபோர்டு எஸ்விடி லைட்னிங்கின் இரண்டாம் தலைமுறைக்கு (1999–2004) விற்கிற கூலிங் கிட்டுகளில் எதைப் பிரித்தாலும் உள்ளே இருப்பவை கிட்டத்தட்ட இவைதான்: பெரிய ஹீட் எக்ஸ்சேஞ்சர், மின் பம்ப், 19 மி.மீ. ஹோஸ், கொஞ்சம் கிளாம்ப், பிராக்கெட். ஹீட் எக்ஸ்சேஞ்சரின் பளபளக்கிற அலுமினிய ‘கோர்’ பகுதியை (குழாயும் துடுப்பும் அடுக்கிய நடுப்பாகம்) பார்த்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். காசுக்கு வேலை செய்வது பெட்டியின் மூலையில் கிடக்கும் பம்ப்.

வாங்குவதற்கு முன் ஒன்று தெளிவாக வேண்டும். இந்த வண்டியில் தண்ணீர் தனித்தனியாக இரண்டு சுற்றில் ஓடுகிறது. ஒன்று இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே. மற்றது இன்டர்கூலருக்கும் வண்டியின் முகப்பில் உள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கும் நடுவே. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜருக்கு அடியில் இருந்து, அந்தச் சூடான காற்றை ஆற்றுவது இன்டர்கூலர்; அதன் தண்ணீரை ஆற்றுவது ஹீட் எக்ஸ்சேஞ்சர். டேஷ்போர்டு முள் காட்டுவது முதல் சுற்றை மட்டும். முள் நடுவிலேயே நிற்க, வண்டி மட்டும் இரண்டாவது, மூன்றாவது தடவை மிதிக்கும்போது மந்தமானால் சூடு இரண்டாவது சுற்றில் இருக்கிறது. அதற்கு ரேடியேட்டர் மாற்றி ஒரு பயனும் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 5.4 லிட்டர் வி8 இன்ஜின் மேல் உட்கார்ந்திருக்கும் சூப்பர்சார்ஜர் ஈட்டன் எம்112, ரூட்ஸ் வகை. அது தரும் கூடுதல் காற்றழுத்தம், அதாவது பூஸ்ட், 8 பிஎஸ்ஐ இருக்கும்போது, 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று ஏறக்குறைய 100 டிகிரியில் வெளியே வரும். 380 குதிரைத்திறனுக்கு நொடிக்குச் சுமார் 0.3 கிலோ காற்று வேண்டும். அதை 55 டிகிரிக்கு இறக்க, தண்ணீர் ஏறக்குறைய 14 கிலோவாட் வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடினால் தண்ணீர் 10 டிகிரி ஏறும். 10 லிட்டர்தான் ஓடினால் 20 டிகிரி. அப்படிச் சூடான தண்ணீரால் இன்டர்கூலரின் பின்பாதி பாதி வேலைதான் செய்யும். கோரை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தக் குறை தீராது. சூப்பர்சார்ஜருக்குச் சின்ன புல்லி போட்டு பூஸ்ட்டை ஏற்றிய வண்டியில் நிலைமை இன்னும் மோசம். எம்112ஐ வேகமாகச் சுழற்றச் சுழற்ற, காற்றைவிடச் சூடுதான் அதிகம் கிடைக்கும்.

பம்ப் வாங்கும்போது பெட்டியில் அச்சடித்திருக்கும் லிட்டர் எண்ணை நம்ப வேண்டாம். அது எதிர்ப்பே இல்லாமல் திறந்த குழாயில் அளந்தது. ஹோஸ், வளைவு, இரண்டு கோர் எல்லாம் தாண்டி வரும்போது பாதிகூட மிஞ்சாமல் போகலாம். அழுத்தத்துக்கு எதிரே எவ்வளவு தள்ளும் என்ற வரைபடம் தராத பம்ப்பைத் தொடாதீர்கள். பிரஷ்லெஸ் மோட்டார் உள்ளதே நல்லது. ஆனால் அது 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய பம்ப்பின் வயரிலேயே முடிச்சுப் போட்டால் கனெக்டர் உருகும், அல்லது வோல்டேஜ் இறங்கிப் புது பம்ப்பும் பழையதைப் போலவே சோம்பலாகச் சுற்றும். பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மி.மீ. வயர், 15 ஆம்பியர் ஃப்யூஸ், ஒரு ரிலே. பழைய வயர் ரிலேயை இயக்க மட்டும். பம்ப்பின் வாய் எப்போதும் ரிசர்வாயருக்கு (இந்தச் சுற்றின் தண்ணீர்த் தொட்டி) கீழே இருக்கட்டும். உலர்ந்து சுற்றினால் சீல் போய்விடும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரில் தடிமனைவிடப் பரப்பளவுக்கே மதிப்பெண். கிரில் திறப்பு முழுவதையும் மறைக்கும் அகலமான, மெல்லிய கோர் போதும். அதற்குப் பின்னால் ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் காற்றுக்குக் காத்திருக்கின்றன. மிகத் தடிமனான கோரைப் போட்டுவிட்டு, டிரெய்லர் இழுக்கும்போது இன்ஜின் சூடாகிறது என்றால் காரணம் தேட வேண்டியதில்லை. கோரின் நான்கு ஓரத்திலும் உள்ள இடைவெளியை ஃபோம் பட்டையால் அடைக்கச் சொல்லி எந்தக் கிட்டின் குறிப்பிலும் பெரிதாக எழுதுவதில்லை. காற்று எளிய வழியைத்தான் தேடும், கோருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். செலவே இல்லாத வேலை, செய்ய வேண்டும்.

கிட்டுடன் வரும் கிளாம்ப்புகள் பெரும்பாலும் சாதாரண ஸ்குரூ வகை. சிலிகோன் ஹோஸில் அதன் பற்கள் உள்ளே பதிந்து அறுத்துவிடும். உட்பக்கம் வழவழப்பான லைனர் உள்ளதாக மாற்றுங்கள். பத்துத் தடவை சூடேறி ஆறிய பிறகு ஒருமுறை மறுபடி முடுக்க வேண்டும்.

அதிகம் சொதப்புகிற இடம் காற்று வெளியேற்றுதல்தான். நல்ல கிட்டைப் போட்டும் பலன் தெரியவில்லை என்று வரும் புகார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இன்டர்கூலரின் மேல்பகுதியில் தங்கிய காற்று. வண்டியின் முன்பக்கத்தை ஏற்றி, நிரப்பும் வாயே சுற்றின் உச்சமாக இருக்கும்படி செய்யுங்கள். மெதுவாக நிரப்பி, இன்ஜினை ஓட்டாமல் பம்ப்பை மட்டும் ஓட விடுங்கள். முதலில் ரிசர்வாயரில் நுரை வரும், பம்ப் கரகரக்கும். பத்து நொடி ஓட்டி, பத்து நொடி நிறுத்தி, திரும்ப ஓட்டினால் தங்கிய குமிழி மேலே ஏற நேரம் கிடைக்கும். கரகரப்பு நின்று, மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்டு, திரும்பி வரும் தண்ணீர் நுரையில்லாமல் கண்ணாடிபோலச் சுழலும்வரை விடாதீர்கள். காற்றை உறிஞ்சிவிட்டு நிரப்பும் வேக்யூம் ஃபில்லர் கையில் இருந்தால் இந்தப் பாடே வேண்டாம். உறைபனி இல்லாத இடத்தில் கூலன்ட் 30 சதவீதம் போதும். கூலன்டில் உள்ள கிளைகால் என்ற ரசாயனம் கூடக்கூடத் தண்ணீர் வெப்பம் சுமக்கும் திறன் குறையும். வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றினால் அலுமினியம் அரிக்கும்.

இன்ஜின் பக்கத்துக்குச் செலவு செய்யும் முன், ரேடியேட்டர் ஃபேனை இன்ஜினோடு இணைக்கும் ஃபேன் கிளட்சைப் பாருங்கள். அதன் நடுவில் எண்ணெய்க் கறை படிந்து, சூடான இன்ஜினை நிறுத்தியபின் கையால் தள்ளிய ஃபேன் தங்குதடையின்றிச் சுற்றினால், தேவை ரேடியேட்டர் இல்லை, கிளட்ச். குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட் பற்றி ஒரே வார்த்தை: அது சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான், ரேடியேட்டரின் திறனை ஒரு துளியும் கூட்டாது. மிகக் குளிர்ந்ததைப் போட்டால் கணினி, இன்ஜின் போதிய சூடு ஏறவில்லை என்னும் பி0128 பிழைக் குறியீட்டைக் காட்டும். பிளாஸ்டிக் டேங்க் ஓரத்தில் கசியத் தொடங்கிவிட்டாலோ, அடிக்கடி பாரம் இழுத்தாலோ முழு அலுமினிய ரேடியேட்டருக்குப் போகலாம். பாரம் இழுப்பவர்கள் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் கூலரும் போட்டுவிடுவது நல்லது.

பின்தொட்டியில் ஐஸ் டேங்க் வைக்கும் யோசனை பிக்கப்புக்கே உரியது. 10 கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 3,340 கிலோஜூல் வாங்கும். மேலே சொன்ன 14 கிலோவாட்டுக்கு அது நான்கு நிமிடம். நேர்கோட்டில் சில நொடியில் முடியும் டிராக் (drag) ரேஸுக்குத் தாராளம். அன்றாட ஓட்டத்துக்கு வெறும் சுமை.

போட்டபின் சோதிக்காமல் நட்சத்திரம் கொடுக்க முடியாது. இன்டர்கூலரைத் தாண்டிய காற்றின் வெப்பத்தை வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ரீடரில் பதிவு செய்து, ஒரே பாதையில் மூன்று தடவை முழுதாக மிதித்துப் பாருங்கள். மிதிக்கும் முன்பே எண் உயரமாக இருந்தால் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குக் காற்று போதவில்லை. தாழ்வாகத் தொடங்கிச் சட்டென ஏறி, இன்டர்கூலரிலிருந்து வெளிவரும் ஹோஸ் உள்ளே போவதைவிட மிகச் சூடாக இருந்தால் ஓட்டம் போதவில்லை. இரண்டு ஹோஸுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் காற்று மட்டும் சூடாகவே இருந்தால், உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறது அல்லது இன்டர்கூலர் கோரே எல்லையைத் தொட்டுவிட்டது. அதற்கு எந்தக் கிட்டும் மருந்தாகாது.

ரிசர்வாயர் மட்டத்தை முதல் இரண்டு வாரம் தினமும் பாருங்கள். வெளியே ஒரு சொட்டும் கசியாமல் மட்டம் இறங்கினால், பூஸ்ட்டில் போகும்போது மட்டும் தொட்டியில் குமிழி கொப்பளித்தால், இன்டர்கூலரின் உள்ளே ஓட்டை விழுந்திருக்கிறது. ஐடிலில், சிலிண்டருக்குக் காற்று போகும் மேனிஃபோல்டின் வெற்றிடம் அதே ஓட்டை வழியாகத் தண்ணீரை சிலிண்டருக்குள் உறிஞ்சும். அந்த நிலையில் ஸ்டார்ட்டரைத் தொடாமல், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.