ஆல்டோ பாடுகிறவள் கேட்ட மாஷோ: ‘தி மிரர் ஆஃப் நார்சிசஸ்’ இசைத்தட்டு

எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் 12 வருடமாக ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் வரி, பாடுகிறேன். ஆல்டோக்காரர்களுக்கு ஒன்று தெரியும். நம்முடைய வரியை மட்டும் தனியாகப் பாடிக் காட்டினால் அது எந்தப் பாட்டு என்று வீட்டில் யாருக்கும் பிடிபடாது. மற்றக் குரல்கள் சேர்ந்தால்தான் அதற்கு அர்த்தம் வரும். இந்த சிடி எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான்.

இது கோதிக் வாய்சஸ் என்ற பாடகர் குழு கிறிஸ்டோபர் பேஜ் தலைமையில் 1983-இல் ஹைபீரியன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தது. எல்லாம் 14-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கவிஞரும் இசையமைப்பாளருமான கியோம் த மாஷோவின் பாடல்கள். பிரான்ஸின் ரெய்ம்ஸ் பேராலயத்தில் கேனனாக (பேராலயக் குருமார் அவையின் உறுப்பினராக) இருந்து 1377-இல் இறந்த மனிதர், ஆனால் எழுதியதில் பெரும்பகுதி காதல்.

அவருடைய பாடல்களில் பொதுவாக மேல் குரலான கான்டஸுக்கு மட்டும்தான் கையெழுத்துப் பிரதியில் வார்த்தைகள் இருக்கும். கீழ்க் குரல்களான டெனருக்கும் கான்ட்ராடெனருக்கும் வெறும் சுரங்கள். வார்த்தை இல்லையென்றால் அது வாத்தியத்துக்குத்தான் என்று நினைத்து, அந்த வரிகளை நெடுநாள் ஃபிடில், லூட் போன்ற தந்தி வாத்தியங்கள், ரெக்கார்டர் என்ற குழல் ஆகியவற்றின் கையில் கொடுத்து வந்தார்கள். அப்படிக் கேட்டால் முன்னால் ஒரு பாடகி, பின்னால் பக்கவாத்தியம் என்றுதான் காதில் விழும். பேஜ் அந்த வரிகளையும் பாடகர்களிடமே கொடுத்துவிட்டார். அதனால் எல்லா வரியும் ஒரே நூலில் நெய்த துணி மாதிரி ஆகிறது, ஆனால் ஒவ்வோர் இழையும் தனியாகத் தெரிகிறது.

கீழே மெதுவாகப் போகும் டெனரைத் தம்புரா சுருதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் முதலில் அப்படித்தான் கேட்டேன். டெனர் நகர்கிறது, தனக்கென்று ஒரு மெட்டோடு போகிறது. கான்டஸும் டெனரும் மட்டுமே இருந்தால்கூடப் பாட்டு நிற்கும். வரி முடியும் இடத்தில் கான்டஸ் அரைச்சுரம் மேலே ஏற, டெனர் ஒரு படி கீழே இறங்க, இருவருக்கும் நடுவே சரியாக ஒரு ஸ்தாயி விரியும். கான்ட்ராடெனர் டெனரின் உயரத்திலேயே உலாவுகிற குரல். சில நேரம் அதற்கு மேலே, சில நேரம் கீழே, இடைவெளி கிடைத்த இடத்தில் எல்லாம் தாவும். தனியாகக் கேட்டால் மெட்டே இல்லாதது போல் இருக்கும். எனக்கு மிகவும் பழக்கமான நிலைமை!

‘ரோஸ், லீஸ்’ என்று தொடங்கும் ரோந்தோவைத்தான் (பல்லவி திரும்பத் திரும்ப வரும் பாட்டு வகை) நான் அதிகம் கேட்டிருக்கிறேன். ரோஜா, லில்லி, வசந்தம், பசுமை என்று அடுக்கி, இவை எல்லாவற்றையும்விட நீ இனியவள் என்று சொல்லும் பாட்டு. இதில் கான்டஸுக்கு மேலே டிரிப்ளம் என்று இன்னொன்றும் உண்டு, ஆக நான்கு குரல். ரோந்தோவில் இசை இரண்டே பகுதிதான். முதல் பகுதி ஐந்து முறை வரும், இரண்டாவது மூன்று முறை. அதனால் நான் ஹெட்போன் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போவேன். முதலில் கான்டஸ், அப்புறம் டெனர், மூன்றாவதாகத்தான் கான்ட்ராடெனர். ஐந்தாவது முறை எதையும் துரத்தாமல் விட்டுவிட்டால் நான்கும் தாமாகவே காதில் வந்து விழுகின்றன.

அந்தக் காலப் பாடகர்கள் குரல்களை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிய தாளைப் பார்த்துப் பாடவில்லை. பக்கத்தில் ஒவ்வொரு குரலும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். மற்றவர் எங்கே இருக்கிறார் என்பதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். இந்தக் குழு பாடும்போது அந்தக் கவனம் நன்றாகக் கேட்கிறது.

மோட்டெட் என்பது ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி வார்த்தைகள் இருக்கும் பாட்டு வகை. ஒரு பிரெஞ்சு மோட்டெட்டில் மூன்று குரலும் மூன்று வெவ்வேறு வார்த்தைகளை ஒரே நேரத்தில் பாடுகின்றன. கீழே டெனரில் ஒரு பழைய பாட்டு: என் கணவன் ஏன் என்னை அடிக்கிறான், நான் என் காதலனோடு தனியாகப் பேசியதைத் தவிர என்ன தப்புச் செய்தேன்? மேலே இரண்டு குரலிலும் மனதுக்குப் பிடித்தவனை மறக்க முடியாத பெண்ணின் பேச்சு. சிடியோடு வரும் கையேட்டில் வார்த்தைகளைப் படிக்காமல் இதைக் கேட்காதீர்கள்.

குறை என்றால், பாடகர்களின் குரல்கள் எல்லாம் ஒரே மாதிரி நேராக, சுத்தமாக இருக்கின்றன. வேகமான இடங்களில் மேல் குரல்கள் இரண்டும் எனக்குக் குழம்பிப்போகின்றன. மாஷோவின் லே என்ற நீண்ட பாட்டு வகையில் ஒன்றாவது சேர்த்திருக்கலாம்.

நடுநடுவே ஒற்றைக் குரல் விர்லேக்களும் (இதுவும் பல்லவியோடு வரும் பாட்டு வகைதான்) வருகின்றன. மாஷோ இசையமைத்த 33 விர்லேக்களில் 25 ஒற்றைக் குரலுக்கானவை. நான்கு குரல் பாட்டைக் கேட்டுவிட்டு இதற்கு வந்தால், வரி முடியும்போதெல்லாம் கீழே டெனர் இறங்கி வரும் என்று காது காத்துக்கொண்டே இருக்கிறது. யாரும் வருவதில்லை, பாடகி மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்துக்காகவே நான் சிடியை வரிசை மாற்றாமல் கேட்கிறேன்.